பதினான்கு மாதம்

ஸ்ரீவில்லிபுத்தூர்
20-1-1949

அன்புள்ள அமிர்தவல்லிக்கு,

பெரியம்மா எழுதுவது. கர்த்தருடைய தயவால் இடது முழங்காலைத் தவிர எனக்கு எல்லாம் சுகம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தை இன்பமும் எப்படியிருக்கிறீர்கள் என்பதை வழக்கம்போல ‘எல்லோரும் நலம்’ என்று ஒரே வரியில் முடிக்காமல் தனித்தனியே எழுது.

பத்திரிகை பார்த்தேன். இலங்கையில் இருக்கும் நம்மவர்களில் இத்தனை வருஷம் இடைவிடாமல் இருந்தவன் என்று நிரூபிக்கிறவன்தான் பிரஜையாம்; மற்றவன் அந்நியனாம். சட்டம் எழுதி முடித்தாயிற்று, அமலுக்கு வரவேண்டியதுதான் பாக்கி என்கிறார்கள். தன் வீட்டில் யார் தங்கலாம் என்று கேட்பது வீட்டுக்காரனுடைய உரிமை. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வாசலில் மனுவைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கவேண்டியது நம் வீட்டுப் பெண்தானா? நமக்கும் சுதந்திரம் வந்திருக்கிறது, கொடி இருக்கிறது. இராஜபாளையத்தில் மில்கள் வந்த பிறகு டாக்டர்கள் பெருகிவிட்டார்கள். மாப்பிள்ளைக்குக் கம்பவுண்டர் வேலை கிடைக்காமல் போகாது. பெரியப்பா காலமானபின் இவ்வளவு பெரிய வீட்டில் நான் ஒருத்தி. யோசித்துப் பதில் எழுது.

உன் பெரியம்மா,
ஜெயபாய் தேவஇரக்கம்

பண்டாரவளை
14-2-1949

மதிப்புக்குரிய பெரியம்மாவுக்கு அமிர்தம் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது.

தனித்தனியே எழுதுகிறேன். எனக்குச் சுகம். இன்பத்துக்கு முன்பல் இரண்டு விழுந்து, சிரிக்கும்போது கையை வைத்து மறைக்கிறாள். உங்கள் மாப்பிள்ளைக்கு மலைக்குளிரில் சளி. உங்கள் முழங்காலுக்கு ஒரு தைலம் கலந்து அனுப்புவதாகச் சொன்னார்கள்.

பெரியம்மா, அவர்கள் பத்து வயதில் தளவாய்புரத்திலிருந்து மாமாவோடு இங்கே வந்தவர்கள். இருபத்தாறு வருஷம் ஆகிவிட்டது. இந்தத் தேயிலைத் தோட்டத்தில் எந்த லயத்து வீட்டில் யாருக்கு எந்த மாதம் இழுப்பு வரும் என்பது அவர்களுக்குத் தெரியும். தளவாய்புரத்துத் தெருவில் போய் நின்றால், யாரைத் தேடி வந்திருக்கீக என்று கேட்பார்கள். இங்கே அவர்களை ‘டாக்டர் ஐயா’ என்கிறார்கள். அங்கே கம்பவுண்டர் என்பீர்கள்.

தோட்டத்துத் துரை சொல்லிவிட்டார்: சட்டம் அமலானபின், பிரஜைப் பத்திரம் இல்லாதவர்களுக்குத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் வேலை இல்லை. வேலை போனால் வீடும் போகும்; வீடு ஆஸ்பத்திரியைச் சேர்ந்தது. ஆகவே மனுப் போடத்தான் போகிறோம். கோயிலிலிருந்து என் ஞானஸ்நானச் சான்றும் எங்கள் கல்யாணச் சான்றும் வாங்கி அனுப்புங்கள். இன்பத்தினுடையது இப்போது வேண்டாம்.

உங்கள் வளர்ப்புமகள்,
அமிர்தம்

ஸ்ரீவில்லிபுத்தூர்
3-3-1949

அன்புள்ள அமிர்தம்,

தைலம் வந்தது. மூடி சரியாக இறுக்காததால் பாதி பார்சலுக்கு, மீதி முழங்காலுக்கு. மாப்பிள்ளைக்கு நன்றி சொல்.

சான்று வாங்கக் கோயிலுக்குப் போனேன். குமாஸ்தா வேதமணி என்னைக் கண்டதும் எழுந்து, “ஆச்சி, செத்த நேரம் இருங்க, ஒரு காப்பி குடிச்சிட்டு வாரேன்” என்றான்.

“ஏலே, ரிஜிஸ்தரை எடுத்து வச்சிட்டுப் போ. நீ வரதுக்குள்ள நானே எழுதிருவேன்” என்றேன்.

“நீங்க எழுதினா குருவானவரு என்னை வீட்டுக்கு அனுப்பிட்டு உங்களை உக்கார வச்சிருவாரு” என்று சொல்லி, காப்பிக்குப் போகாமல் எழுதினான். 1941 ஜூன் கல்யாணத்துக்கு ஜூலை என்று எழுதினான். கிழித்துப்போட்டு மறுபடி எழுதவைத்தேன்.

இன்பத்தின் சான்றையும் சேர்த்தே வாங்கி வைத்திருக்கிறேன். வேண்டாம் என்றாய். பெற்ற பிள்ளைக்குச் சான்று காட்டாத மனுவை எந்த அதிகாரி கையில் எடுப்பான்? 1942 ஆகஸ்ட் 19 பிறப்பு, அக்டோபர் 4 ஞானஸ்நானம், இரண்டும் இந்த ஊரில். பாதியை மட்டும் காட்டுவது நம் வழக்கமில்லை.

இன்பத்துக்குப் புதுப்பல் முளைக்கும்வரை கரும்பு கொடுக்காதே.

பெரியம்மா

ஸ்ரீவில்லிபுத்தூர்
10-5-1949

அன்புள்ள அமிர்தம்,

நான் சுகம். சான்றுகளைப் பதிவுத் தபாலில் அனுப்பி இரண்டு மாதம் ஆகிவிட்டது. வந்ததா, வரவில்லையா? ஒரு கார்டு போட எவ்வளவு நேரம் ஆகும்? தபால்காரனிடம் தினமும் கேட்டதில், அவன் இப்போது என் வீட்டைக் கண்டால் சைக்கிளை வேகமாக மிதிக்கிறான்.

பெரியம்மா

பண்டாரவளை
22-6-1949

மதிப்புக்குரிய பெரியம்மாவுக்கு,

மூவரும் சுகம். உங்களைக் காக்கவைத்ததற்கு மன்னியுங்கள். சான்றுகள் மார்ச்சிலேயே வந்துவிட்டன. எழுத உட்காரும்போதெல்லாம் ஏதோ ஒன்று தடுத்தது.

போன வாரம் கூட்டுறவுக் கடையில் அரிசிக்கு வரிசையில் நின்றேன். எனக்குப் பின்னால் சீலாவதி. பக்கத்துச் சாலையில் குடியிருக்கும் சிங்களப் பெண். ஐந்து வருஷப் பழக்கம். அவள் பிள்ளைக்கு டைபாய்டு வந்தபோது பன்னிரண்டு நாள் போய் மருந்து கொடுத்தது உங்கள் மாப்பிள்ளைதான். கடைக்காரர் எனக்கு முதலில் அளந்ததும் அவள் சிங்களத்தில் சொன்னாள், இந்தக் கள்ளத்தோணிகளுக்குத்தான் இனி முதல் அரிசியா என்று. அந்த ஒரு சொல்லை மட்டும் தமிழிலேயே சொன்னாள். பேசிவிட்டு அவளுக்கே முகம் சிறுத்துவிட்டது. நான் அரிசியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நம் கடற்கரையிலிருந்து சீட்டில்லாமல் தோணி ஏறி, மன்னார்க் காட்டில் இறங்கி நடந்து வருகிறவர்களுக்கு இங்கே அந்தப் பெயர். அவர்களும் பசித்து வருகிறவர்கள்தாம். ஆஸ்பத்திரிக்குக் கால் வீங்கி வருவார்கள், உங்கள் மாப்பிள்ளை பெயர் கேட்காமல் கட்டுப்போட்டு அனுப்புவார்கள். அது வேறு. ஆனால் எட்டு வருஷம் ஒரு வீட்டில் விளக்கேற்றியவளுக்கும் அதே பெயர் என்றால் நான் என்ன சொல்ல?

அமிர்தம்

ஸ்ரீவில்லிபுத்தூர்
5-7-1949

அன்புள்ள அமிர்தம்,

உன் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. மற்றபடி சுகம்.

நீ கள்ளத்தோணியா? டிக்கட் வாங்கி, மண்டபம் காம்பில் அம்மை குத்திக்கொண்டு, பெயர் எழுதி, தனுஷ்கோடியில் கப்பலேறியவள் நீ. கூட வந்து ஏற்றிவிட்டவள் நான். சட்டத்தை மீறி வருகிறவனைச் சட்டம் பார்த்துக்கொள்ளட்டும். மாப்பிள்ளை அவனுக்குக் கட்டுப்போடுவது அவருடைய இரக்கம், அதிலும் நான் தலையிடவில்லை. ஆனால் முறையாகப் போனவளை முறைகெட்டவள் என்று சொல்லவிட்டுச் சும்மா வந்திருக்கிறாயே! பாளையங்கோட்டைக் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், குற்றம் செய்யாதவள் தலையைக் குனியக்கூடாது என்பது. உனக்கும் அதைத்தான் சொல்லி வளர்த்தேன்.

இந்த மனுக்களைப் பார்க்கும் அதிகாரி யார், எந்த ஊரில் இருக்கிறார் என்று எழுது.

பெரியம்மா

பண்டாரவளை
30-8-1949

மதிப்புக்குரிய பெரியம்மாவுக்கு,

இங்கே சுகம். உங்கள் உடம்பு எப்படியிருக்கிறது? சாப்பாட்டை விடாதீர்கள். அந்தப் பேச்சு அதோடு போயிற்று. சீலாவதி மறுநாளே பலாக்காய் கொடுத்தனுப்பினாள்.

இந்த மாதம் சட்டம் அமலுக்கு வந்துவிட்டது. மனு எழுதிப் போட்டுவிட்டோம். இதோடு ஒரு நமூனாப் பாரம் வைத்திருக்கிறேன். சிறுவயது முதல் என்னைத் தெரியும் என்று குருவானவரிடம் கையெழுத்து வாங்கி எனக்கே அனுப்புங்கள்.

இன்னொன்று. மனு ஆபீசிலிருந்து யாராவது உங்களை ஏதாவது கேட்டால், வயதாகிவிட்டது, தேதியெல்லாம் ஞாபகமில்லை என்று மட்டும் சொல்லுங்கள். காரணம் கேட்காதீர்கள், பெரியம்மா. எனக்காக இது ஒன்று.

அமிர்தம்

ஸ்ரீவில்லிபுத்தூர்
18-9-1949

அன்புள்ள அமிர்தம்,

சுகம். குருவானவர் கையெழுத்தோடு நமூனா இதில் இருக்கிறது.

எனக்கு அறுபத்தெட்டு வயது. ஞாபகமில்லை என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன். நீ அங்கே பயந்து பயந்து, தலை குனிந்து, சொல்லவேண்டியதைக்கூடச் சொல்லாமல் இருக்கிறாய் என்று தெரிந்துகொண்டேன். ஆகவே உனக்காக நான் பேசிவிட்டேன். நமூனாவின் தலைப்பில் பதுளை அதிகாரியின் விலாசம் அச்சிட்டிருந்தது. அவருக்கு ஆங்கிலத்தில் நான்கு பக்கம் எழுதி, ஆறாம் தேதி பதிவுத் தபாலில் அனுப்பினேன். நீ களவாக நுழைந்தவள் அல்ல என்பதற்கு ஒவ்வொரு பயணத்தையும் தேதியோடு கொடுத்தேன். கல்யாணம் முடிந்து 1941 ஜூலை 2 போனது. கொழும்பில் குண்டு விழுந்த ஈஸ்டருக்கு மறுவாரம், 1942 ஏப்ரல் 13, முறைப்படி தலைப்பிரசவத்துக்கு இங்கே வந்தது. குழந்தையோடு 1943 ஜூன் 20 திரும்பக் கப்பலேறியது. என் டைரியில் எல்லாம் இருக்கிறது, டிக்கட் நம்பர்கூட.

இனி உன்னை யாரும் அந்தச் சொல் சொல்லட்டும் பார்க்கிறேன்.

பெரியம்மா

ஸ்ரீவில்லிபுத்தூர்
17-10-1949

அமிர்தம்,

உன்னிடமிருந்து பதில் இல்லை. ஏன் இல்லை என்று நேற்றுத் தெரிந்தது.

ஆராதனை முடிந்து வந்தால் வாசலில் உன் கொழுந்தன் ராபர்ட். இராஜபாளையத்தில் மில் ஷிப்டு முடிந்து அப்படியே பஸ் ஏறியிருக்கிறார்; தலையெல்லாம் பஞ்சு. உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“அத்தை, அண்ணன் எழுதியிருக்கான். நீங்க பதுளை ஆபீசுக்குக் கடுதாசி போட்டீகளாமே?”

“போட்டேன். ஒரு எழுத்துத் தப்பில்லாம போட்டேன்.”

“அம்புட்டுச் சுத்தமாப் போட்டதுதான் வினையே. சட்டத்துல என்ன இருக்குன்னு தெரியுமா? பொஞ்சாதி ஒரே மூச்சா பன்னெண்டு மாசத்துக்கு மேல வெளிநாட்டுல இருந்திருந்தா, புருஷன் மனுவும் அவுட்டு. அண்ணி எம்புட்டு மாசம் இங்க இருந்தாவ? எண்ணுங்க.”

எண்ணினேன். அவர் காத்துக்கொண்டு நின்றார்.

“பதினாலு” என்றேன். “தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்தது ஒரு குத்தமா?”

“குத்தமில்ல அத்தை. ஆனா அந்த ஆபீசரு எண்ணிக் கண்டுபிடிக்க ஒரு வருஷம் ஆயிருக்கும். கண்டுபிடிக்காமலும் போயிருக்கலாம். நீங்க சிரமமே குடுக்கல.”

காப்பி கொடுத்தேன். பிறகு குடிக்கிறேன் என்று சொல்லி, குடிக்காமலே போய்விட்டார்.

என்னிடம் ஏன் சொல்லவில்லை, அமிர்தம்? பெரியம்மா பொய் சொல்லமாட்டாள் என்று பயந்தாயா? அது சரியான பயம். ஆனால் விஷயம் தெரிந்திருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். பேசாமல் இருப்பது பொய் ஆகாது.

ஜெயபாய்

பண்டாரவளை
5-11-1949

பெரியம்மாவுக்கு,

இன்பத்துக்கு நான்கு நாள் காய்ச்சல், இப்போது தேவலை. அவர்கள் வேலைக்குப் போய் வருகிறார்கள்.

நோட்டீஸ் வந்துவிட்டது. மனைவி பதினான்கு மாதம் வெளிநாட்டில் இருந்ததற்கு டிசம்பர் பதினான்காம் தேதி நேரில் வந்து விளக்கம் சொல்லவேண்டும். உங்கள் கடிதத்தின் நகலும் கூடவே வந்தது. நன்றாக எழுதியிருக்கிறீர்கள்.

உங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டீர்கள். சொன்னால், அந்தப் பதினான்கு மாதம் ஏன் என்று பேசவேண்டி வரும். அதைப் பேச எனக்கு விருப்பமில்லை. குழந்தை பிறந்து மூன்று மாதத்தில் அழைப்பார்கள் என்று இருந்தேன். ஐந்து மாதம் ஆயிற்று. எனக்கு வரும் கடிதத்தில் பிள்ளை சுகமா என்று இருக்கும். வா என்று இராது. நம்மில் பெண்ணை அனுப்பச் சொல்லிப் பெரியவர்களுக்குத்தானே எழுதுவார்கள்; உங்களுக்கு வந்தால் சொல்வீர்கள் என்று உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. கூப்பிடாத வீட்டுக்கு நான் ஏன் போகவேண்டும் என்று நானும் வீம்பாக இருந்துவிட்டேன். ஆறு வருஷமாக அதை அவர்களிடம் கேட்டதில்லை. இப்போதும் வாய் வரவில்லை.

ஆகவே உங்களைக் கேட்கிறேன். அன்றைக்கு அவர்கள் உங்களுக்கு எழுதினார்களா?

இன்னொன்றும் கேட்கிறேன். எங்களுக்கு இங்கே இடமில்லாமல் போனால் உங்களிடம் வந்துவிடுவோம் என்றுதான் அதிகாரிக்கு எழுதினீர்களா?

அமிர்தவல்லி

ஸ்ரீவில்லிபுத்தூர்
19-11-1949

அன்புள்ள அமிர்தவல்லிக்கு,

இன்பத்துக்குக் காய்ச்சல் முழுவதும் விட்டதா? என் உடம்பைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில். இல்லை. உன் பெயரைக் காப்பாற்றத்தான் எழுதினேன். ஆனால் கடிதத்தைத் தபாலில் சேர்த்துவிட்டு வந்த அன்று, பெரியப்பா படுத்திருந்த அறையில் நின்று, இங்கே ஒரு சின்னக் கட்டில் போடலாமா என்று அடியால் அளந்து பார்த்தேன். ஏன் அளந்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாததை இல்லை என்று எழுதமாட்டேன்.

முதல் கேள்வி. எழுதினார். 1943 ஜனவரி 9. பிப்ரவரிக் கடைசியில் உன்னை அனுப்பிவைக்கும்படி கேட்டிருந்தார். அப்போது வந்திருந்தால் பதினோரு மாதம்கூட ஆகியிருக்காது; எண்ணிப் பார்த்துவிட்டேன். கடிதம் என் பெயருக்கு வந்தது; ஆகவே உன்னிடம் காட்டவேண்டிய கட்டாயமில்லை என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். குழந்தைக்குப் பல் முளைக்கட்டும் என்று பதில் போட்டேன். ஏப்ரலில் மறுபடி எழுதினார். வழி பத்திரமில்லை என்றேன். வழி பத்திரமாகத்தான் இருந்தது. கப்பல் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மூன்றாவது கடிதத்துக்குத்தான் அனுப்பினேன். பெரியப்பாவுக்கும் எனக்கும் குழந்தை இல்லை. நீ வந்தபோதும் உனக்கு ஏழு வயது. இந்த வீட்டில் ஒரு கைக்குழந்தை அழுததை நான் அதற்குமுன் கேட்டதில்லை. இது காரணம்தான், சமாதானம் அல்ல.

நேற்று மாஜிஸ்திரேட் கோர்ட்டில் சத்தியக் கடிதம் கொடுத்தேன். கணவன் இருமுறை அழைத்தும் மனைவிக்குத் தெரிவிக்காமல் நிறுத்திவைத்தவள் நான் என்று. கோர்ட்டுக் குமாஸ்தா அதை உரக்க வாசித்தான். வாசலில் நம் சபையார் மூன்று பேர் நின்றிருந்தார்கள். அவர்களில் ஒருவன் வேதமணி. தலையைக் குனிந்துகொண்டுதான் வெளியே வந்தேன்.

அந்தக் கடிதமும் மாப்பிள்ளையின் மூன்று கடிதங்களும் இதில் இருக்கின்றன. அதிகாரி கேட்டால் ‘குடும்பச் சூழ்நிலை’ என்று சொல்லாதே. என் பெயரைச் சொல்.

ஜெயபாய் தேவஇரக்கம்

பண்டாரவளை
21-12-1949

பெரியம்மாவுக்கு,

நாங்கள் மூவரும் சுகம். குளிர் அதிகம். வரும் பண்டிகையைச் சமாதானமாகக் கழிக்க உங்களுக்காக ஜெபிக்கிறேன்.

பதினான்காம் தேதி பதுளைக்குப் போனோம். அதிகாரி வயதானவர், மரியாதையானவர். உங்கள் முதல் கடிதத்தையும் சத்தியக் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தார். “இந்த அம்மாள் உங்களுக்கு யார்?” என்று என்னைக் கேட்டார்.

“என்னை வளர்த்தவர்கள்” என்றேன்.

“நீங்களாகத் தங்கவில்லை, அவர் தங்கவைத்தார் என்கிறார். நான் நம்புகிறேன். ஆனால் சட்டத்தில் எத்தனை மாதம் என்று கேட்க இடமிருக்கிறது. ஏன் என்று கேட்க இடமில்லை” என்றார். முடிவு எழுத்தில் வருமாம். என்ன வரும் என்று அவர் முகத்திலேயே இருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர்கள் கேட்டார்கள்: “நான் கூப்பிட்டது உனக்குத் தெரியவே தெரியாதா?”

“தெரியாது” என்றேன்.

“நீதான் வரமாட்டேன்னு சொல்லி, அத்தை அதை மறைச்சு எழுதுதாவன்னு நெனச்சேன்” என்றார்கள். பிறகு எல்ல என்ற ஊர் வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்கள். நான் அழுதேன். முன் சீட்டில் இருந்த கிழவி திரும்பிப் பார்த்துவிட்டு இன்பத்துக்கு ஒரு ஆரஞ்சு கொடுத்தாள்.

அவர்கள் 1943-இல் எழுதிய மூன்று கடிதத்தையும் வாசித்தேன். மூன்றாவதில் ஒரு வரி இருக்கிறது. அதை உங்களுக்கு எழுதமாட்டேன். நீங்கள் எனக்கு முன்பே வாசித்தவர்கள்.

மனு தள்ளுபடியானால் அப்பீல் செய்வோம். துரை அதுவரை வேலையில் வைத்திருந்தாலும் சரி, லயத்தில் ஒற்றை அறைக் காம்பராவில் இருந்தாலும் சரி, இருப்போம். அதுவும் தோற்றால் வரத்தான் வேண்டும். கொழுந்தன் ராபர்ட் இராஜபாளையத்தில் மில்லுக்குப் பக்கத்தில் வீடு பார்ப்பதாக எழுதியிருக்கிறார். அங்கேதான் இருப்போம். நீங்கள் உண்மையைச் சொன்னீர்கள், சபையார் முன்னால் சொன்னீர்கள். அது உங்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் உங்கள் வீட்டில் வந்து இறங்க என்னால் இப்போது முடியாது.

விருதுநகரிலிருந்து வரும் வண்டி ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகத்தான் இராஜபாளையம் போகும். உங்கள் ஸ்டேஷனில் ஐந்து நிமிஷம் நிற்கும். அப்படி ஒரு நாள் வந்தால் தேதியும் வண்டியும் முன்கூட்டியே எழுதுகிறேன். நீங்கள் பிளாட்பாரத்துக்கு வந்தால், இன்பத்தை ஜன்னல் ஓரம் உட்காரவைக்கிறேன்.

அமிர்தம்